மெக்லி உறையாமல் போவது ஏன்?

லெபனானில் குழந்தை பிறந்த வீடுகளில் கிண்ணம் கிண்ணமாகப் பரிமாறப்படும் மெக்லி என்னும் மசாலா அரிசிப் புட்டிங்கை வீட்டில் செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அரிசி மாவு, சர்க்கரை, கருஞ்சீரகம், பட்டை, சோம்பு எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கிளறி இறக்கியிருக்கிறீர்கள். ஆறிய பிறகும் அது கஞ்சியாகவே நின்று, மேலே தண்ணீர் விட்டு, வாயில் மாவு வாடையும் ஒருவிதக் கசப்பும் தங்கியது என்றும், பால் சேர்த்திருந்தால் சரியாகியிருக்குமா என்றும் கேட்கிறீர்கள். பால் வேண்டாம். நீங்கள் சறுக்கிய இடங்கள் இரண்டு: ஒன்று நேரம், மற்றொன்று கருஞ்சீரகம்.

முதலில் பெயரைப் பாருங்கள். 'மெக்லி' என்ற அரபுச் சொல்லுக்குக் 'கொதிக்க வைக்கப்பட்டது' என்பதே பொருள். அரிசியின் பெயரோ மசாலாவின் பெயரோ இல்லாமல், செய்முறையையே பெயராகக் கொண்ட பண்டம் இது. பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் இதையே அதில் போடும் முதன்மையான மசாலாவின் பெயரால் 'கராவியா' என்று அழைக்கிறார்கள். ஆக, அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து வைத்தாலே பாதிச் செய்முறை கிடைத்துவிடுகிறது; கராவியாவைப் போட வேண்டும், நெடுநேரம் கொதிக்க வைக்க வேண்டும். பால் சேர்த்துச் செய்யும் அரிசிப் புட்டிங்கும் லெபனானில் உண்டு. அதற்கு 'ரிஸ் பி ஹலீப்' என்று பெயர்; முழு அரிசியைப் பாலில் வேகவைத்து, ஆரஞ்சுப் பூ நீரோ பன்னீரோ தெளித்து இறக்குவார்கள். அது வேறு பண்டம், வேறு சுவை. மெக்லியில் பால், நெய், வெண்ணெய் எதுவும் இல்லை. அரிசி மாவு, தண்ணீர், சர்க்கரை, மூன்று மசாலாக்கள், அவ்வளவுதான்.

இது பிறப்போடு சேர்ந்த உணவு. குழந்தையைப் பார்க்க வருபவர்கள் 'மப்ரூக் மா இஜாகுன்', அதாவது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் பேற்றுக்கு வாழ்த்து, என்று சொல்லிக்கொண்டு நுழைவார்கள். உட்கார்ந்த சிறிது நேரத்தில் கையில் குளிர்ந்த மெக்லிக் கிண்ணம் வந்துவிடும். ஒரு காலத்தில் ஆண் குழந்தை பிறந்தால் மட்டுமே செய்வார்கள் என்று பழைய தலைமுறையினர் சொல்வதுண்டு. இன்று அந்தப் பாகுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. லெபனானின் கிறிஸ்தவக் குடும்பங்கள் இயேசுவின் பிறப்பையும் ஒரு குழந்தையின் பிறப்பாகவே பாவித்து, கிறிஸ்துமஸ் நாள்களிலும் மெக்லி செய்கின்றன. அதன் பழுப்பு நிறம் மண்ணையும், மேலே தூவும் கொட்டைகளும் தேங்காய்த் துருவலும் மண்ணிலிருந்து முளைத்து வருவதையும் குறிக்கும் என்பது அங்கே வழங்கும் விளக்கம். கராவியா தாய்ப்பாலைப் பெருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. நம் பக்கத்துப் பிரசவ லேகியத்தை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதாக இராது. ஆனால் இதை மருந்தாக எண்ணாமல் உணவாக எண்ணிச் செய்வதே நல்லது.

இனி மசாலாவுக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான மெக்லிகள் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே கடைத்தெருவில் கெட்டுப்போகின்றன. கராவியா என்பது ஆங்கிலம் வழியாக நமக்குக் கேரவே என்று தெரிந்த விதை. தமிழில் இதற்கு ஊரறிந்த ஒரே பெயர் இல்லாததால், கடைக்காரர் எதைக் கையில் எடுக்கிறாரோ அதுவே கேரவே ஆகிவிடுகிறது. சிலர் கருஞ்சீரகத்தைத் தருவார்கள், சிலர் ஷாஜீராவைத் தருவார்கள், சிலர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சாதாரணச் சீரகத்தையே பொட்டலம் கட்டிவிடுவார்கள். மூன்றும் தவறு. கருஞ்சீரகம் என்பது மங்கிய கறுப்பு நிறத்தில், கோணல்மாணலாக, வெங்காய விதைபோல இருக்கும். அதன் கசப்பு இனிப்போடு ஒட்டவே ஒட்டாது. உங்கள் மெக்லியில் தங்கிய கசப்பு அதுதான். ஷாஜீரா ஒல்லியாக, நீளமாக, கரும்பழுப்பாக இருக்கும், பிரியாணிக்கு உரியது. உண்மையான கேரவே விதை பிறைபோல வளைந்து, பழுப்பாக, முதுகில் வெளிர்நிறக் கோடுகள் ஓடத் தெரியும். அதை இரண்டு விரல்களுக்கு இடையே நசுக்கி முகர்ந்தால் சீரகத்தின் காரவாடை வராமல், சோம்புக்கும் புதினாவுக்கும் இடைப்பட்ட குளிர்ச்சியான மணம் வர வேண்டும்.

புதினா என்று நான் சொன்னது கற்பனை அன்று. கேரவேயின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் சேர்மம். ஒருவகைப் புதினாவின் மணத்துக்குக் காரணமானதும் அதே கார்வோன்தான், ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவலம் மாறிய வடிவத்தில் இருக்கிறது. சீரகத்திலும் ஷாஜீராவிலும் மேலோங்கி நிற்பது வேறொரு சேர்மம். ஆகவே 'கேரவே கிடைக்காவிட்டால் சீரகம் போடலாம்' என்று எழுதப்பட்ட குறிப்பைக் கண்டால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடலாம். கேரவே கிடைக்காத ஊரில் இருப்பவர் ஒருவர் என்னிடம் மாற்று கேட்டால் நான் சதகுப்பையைச் சொல்வேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், பிரசவ மருந்துகளிலும் சேரும் அந்தச் சதகுப்பையில் கார்வோன் உண்டு. மணம் சற்று முரடாக இருக்கும் என்பதால், கேரவேக்குச் சொன்ன அளவில் மூன்றில் இரண்டு பங்கு போட்டால் போதும். அப்படிச் செய்ததை மெக்லி என்று ஒரு லெபனான் பாட்டியின் முன் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் வீட்டில் உண்பதற்கு அது சீரகம் போட்டதைவிட எவ்வளவோ மேல்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சார்ஜாவில் குடியிருந்த காலத்தில் எதிர்வீட்டில், லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலுள்ள சஹ்லே என்ற ஊரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டில் பேரன் பிறந்தபோது கொடுத்தனுப்பிய மெக்லியை உண்டுவிட்டு, செய்முறையைக் கேட்காமலே, நாக்கை நம்பி நானாக ஒருநாள் செய்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஷாஜீராவைத்தான் போட்டேன். பிறந்த வாசனை முழுக்கப் பிரியாணி வாசனை. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்த கிண்ணத்தை அந்த வீட்டுப் பாட்டியம்மாள் ஒரு வாய் உண்டு, ஒன்றும் சொல்லாமல், உள்ளே போய் ஒரு சீசாவைக் கொண்டுவந்து என் மூக்கின்கீழ் பிடித்தார். அதுதான் கராவியா. அவர்களை வீட்டில் எல்லோரும் 'தேத்தா' என்பார்கள். லெபனானில் பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள். கிழமை மாறுவதற்குள் தம் சமையலறையில் என்னை நிற்கவைத்துச் செய்துகாட்டினார்.

மற்ற இரண்டு மசாலாக்களில் அவ்வளவு சிக்கல் இல்லை. 'யான்சூன்' என்று அவர்கள் சொல்வது அனீஸ் என்னும் சிறு விதை. நம் சோம்பு அதுவன்று என்றாலும், இரண்டுக்கும் மணம் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள்தான் என்பதால் சோம்புத்தூள் தாராளமாகப் போடலாம். நீங்கள் சோம்பு போட்டதில் பிழை இல்லை. அன்னாசிப்பூவிலும் அதே மணம் இருக்கிறதே என்று அதைப் பொடித்துப் போடாதீர்கள். மிகக் கடுமையாக ஏறிவிடும். பட்டையில், தடித்த ஓடுபோன்ற கடைப்பட்டை காரமாகவும், பலவடுக்காகச் சுருண்ட இலங்கைக் கறுவா மென்மையாகவும் இருக்கும். எனக்குத் தடித்த பட்டையே இதற்குப் பிடிக்கிறது, ஏனென்றால் கேரவேயின் முன் கறுவா வாயடைத்துப் போகிறது. மூன்றையும் வறுக்காமல், அன்றைக்கே பொடித்து, மிக நுண்ணிய கண்ணுள்ள சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். இந்தப் பண்டம் வழவழப்புக்காகவே உண்ணப்படுவது. நெரிபடாத ஓர் உமித்துண்டு நாக்கில் பட்டாலும் தெரிந்துவிடும்.

அரிசி மாவு பச்சரிசியில் அரைத்ததாக, வறுக்காததாக இருக்க வேண்டும். இடியாப்பத்துக்கென்று வறுத்து வைத்த மாவில் குழகுழப்பு குறைவு. சிவப்பரிசி மாவின் தனிச்சுவை மசாலாவோடு மோதும். கைவிரல்களில் தேய்த்துப் பார்த்தால் நறநறக்காத மென்மை வேண்டும். கொழுக்கட்டைக்கு அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலிப்போமே, அந்த மாவு இதற்கு வெகு பொருத்தம்.

ஆறு சிறு கிண்ணங்களுக்கு நான் எடுக்கும் அளவு இது: 75 கிராம் அரிசி மாவு, அதாவது அரைக் கோப்பை, தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 130 கிராம், கேரவேத்தூள் 1 மேசைக்கரண்டி குவித்து, பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, அனீஸ் அல்லது சோம்புத்தூள் 1 தேக்கரண்டி. லெபனான் வீடுகளில் மாவு ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு என்பதை ஒட்டிய கணக்கே பெரும்பாலும் வழங்குகிறது; சர்க்கரை ஒன்றிலிருந்து ஒன்றரைப் பங்கு வரை வீட்டுக்கு வீடு மாறும். கருப்பட்டி போடலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். நன்றாகவே இருக்கும், ஆனால் கருப்பட்டியின் மணம் கேரவேயை மூடிவிடும். வெள்ளைச் சர்க்கரை தன் மணம் என்று எதையும் கொண்டுவராதது இங்கே ஒரு நன்மை.

அடிகனமான பாத்திரத்தில், அடுப்பைப் பற்றவைக்காமல், மாவு, சர்க்கரை, மசாலா மூன்றையும் உலர்ந்த நிலையில் கலந்து, குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரில் மாவைத் தூவினால் ஒவ்வொரு துளி மாவும் வெளியே வெந்து உள்ளே உலர்ந்த கட்டியாகிவிடும்; பிறகு எவ்வளவு கிளறினாலும் அது கரையாது. கரைத்தபின் நடுத்தரத் தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளற வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பழுப்புத் தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும், நாம் சலித்துப்போய் ஒரு கணம் திரும்புவோம், அந்தக் கணத்தில்தான் அடியில் மாவு படியும். கொதி வந்து, குமிழி வெடித்துத் தெறிக்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் 'கெட்டியாகிவிட்டது, முடிந்தது' என்று இறக்குகிறார்கள். இங்கேதான் மெக்லி தொடங்குகிறது. இதற்குமேல் குறைந்தது 40 நிமிடம் மெல்லிய கொதியில் நிற்க வேண்டும்.

தேத்தா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலக்கையில் கரண்டி, இடக்கையில் ஜெபமாலை என்று மூன்று சுற்றுச் சொல்லி முடித்தார். நான் கைக்கடிகாரத்தில் பார்த்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. கரண்டியை வட்டமாகச் சுற்றாமல் எட்டு வடிவத்தில் இழுத்தார். வட்டமாகச் சுற்றினால் நடுவில் ஒரு தீவு தனியாக நின்று அடிபிடிக்கும் என்றார். முதல் அரைமணி நேரத்தில் கரண்டி அடியில் உரசும்போது மெல்லிய நறநறப்புக் கேட்டது. பிறகு அந்த ஓசை அடங்கியது. பால்தேநீர் நிறத்தில் தொடங்கியது மெல்ல மெல்ல இருண்டு, பளபளப்பேறி, ஈரமான செம்மண் நிறத்துக்கு வந்தது. அப்போது ஒரு துளியை எஃகுத் தட்டில் விட்டார். ஒரு நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்தபோது அது ஓடவில்லை. விரல் நுனியால் தள்ளியபோது ஓரம் சுருங்கி, தட்டில் ஈரம் ஒட்டாமல் எழுந்து வந்தது. அதுதான் பதம். கூழ்ப் பதத்தைத் தாண்டி அல்வாப் பதத்தை எட்டாத இடம் என்று நம் சமையலறைச் சொல்லில் சொல்லலாம்.

இவ்வளவு நேரம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அரிசி மாவின் ஸ்டார்ச்சு மணிகள் ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸை ஒட்டி நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கிவிடும். அதனால்தான் கொதி வரும்போதே கெட்டியானதாகத் தோன்றுகிறது. ஆனால் மாவின் பெரிய துகள்களுக்கு உள்ளே நீர் புகுந்து, எல்லா மணிகளும் முழுதாக உப்பி, அவற்றுக்குள் இருக்கும் நீண்ட இழைகள் வெளியே கசிந்து தண்ணீரில் கலக்க நேரம் பிடிக்கும். இங்கே சர்க்கரையும் நீருக்குப் போட்டி போடுவதால் அது இன்னும் தாமதப்படுகிறது. ஆறும்போது ஒன்றோடொன்று பின்னி மெக்லியை உறையவைப்பவை அந்த இழைகளே. அவை போதுமான அளவு வெளிவராமல் இறக்கினால் பின்னல் தளர்ந்து, பிடித்துவைக்க முடியாத நீர் மேலே மிதக்கும். வேகாத துகளிலிருந்து மாவு வாடை வரும். உங்கள் கிண்ணத்தில் நடந்தது முழுக்க இதுதான். மசாலாவுக்கும் இதே நேரம் வேண்டும்: பத்து நிமிடத்தில் கேரவே தனியாக, பட்டை தனியாக, கூர்மையாகக் குத்தும், ஐம்பதாவது நிமிடத்தில் எது எந்தச் சுவை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நேரம் முடிவதற்குள் மிகவும் இறுகினால் இறக்கிவிடாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் அரை டம்ளர் ஊற்றிக் கொதியைத் தொடருங்கள். நேரத்தைக் குறைப்பதற்காக மாவைக் கூட்டுவதும், சோளமாவு சேர்ப்பதும் நான் வெறுக்கும் குறுக்குவழிகள். உறையும் என்பது உண்மை. ஆனால் கரண்டி போட்டால் பசைபோல வெட்டுப்பட்டு வரும். கடைகளில் மாவும் மசாலாவும் சேர்த்துக் கலந்த மெக்லித்தூள் பொட்டலங்கள், வளைகுடா நாடுகளின் அரபுக் கடைகளில் எளிதாகவே, கிடைக்கின்றன. கேரவே கிடைக்காத இடத்தில் அவை மோசமில்லை. உறையில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் நீங்கள் நாற்பது நிமிடம் கொதிக்கவையுங்கள்.

இறக்கியவுடன், சூடு தணியுமுன், கிண்ணங்களில் ஊற்றி அப்படியே விட்டுவிடுங்கள். ஆறிய பின் கிளறினால் பின்னல் அறுந்து மறுபடி கஞ்சியாகும். மேலே மெல்லிய ஆடை படியும்; அதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை. அறைச்சூட்டுக்கு வந்தபின் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரமாவது இருக்கட்டும்.

மேலே தூவுவதற்கான கொட்டைகளை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். இதைப் பலர் அலங்காரம் என்று எண்ணித் தவிர்க்கிறார்கள். மெக்லியின் வழவழப்புக்கு எதிராக, ஈரமான, பால்கட்டிய, மெல்ல நொறுங்கும் கொட்டை வேண்டும். வறுத்த முந்திரி அங்கே கூச்சல் போடும். வாதுமையை ஊறவைத்துத் தோலை உரித்து இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். வால்நட்டைத் தனிப் பாத்திரத்தில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். அந்தத் தண்ணீர் பழுப்பாக இறங்குவதைப் பார்த்தாலே தோலின் கசப்பு எங்கே போகிறது என்று தெரியும். மூன்றாவது பைன் கொட்டை. லெபனான் மலைகளில், குறிப்பாகத் தெற்கே ஜெஸ்ஸீன் வட்டாரத்துப் ப்காசீனில், குடைவிரித்ததுபோல நிற்கும் பைன் மரக்காடுகள் பெயர்பெற்றவை. அந்தக் கொட்டை இல்லாத விருந்து அங்கே அரிது. இமயப் பகுதியில் விளையும் சில்கோசா அதன் உறவுதான், விலையும் அதேபோல அஞ்சவைக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். உலர்ந்த தேங்காய்த் துருவலும் தூவுவார்கள். தென்னை வளராத நாட்டில் இறக்குமதித் தேங்காய் எப்படிக் கட்டாயப் பொருளானது என்று எனக்கு வியப்புத்தான். நமக்குப் புதுத்தேங்காய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதைத் துருவிப் போடத் தோன்றும். போடலாம், உண்ணும் நேரத்தில் மட்டும். கொட்டைகளையும் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தபின், பரிமாறும்போதே தூவுங்கள். முன்கூட்டித் தூவி வைத்தால் அவற்றின் நீர் இறங்கி, நன்றாக உறைந்த மெக்லியும் மேலே குளம் கட்டிக்கொள்ளும்.

குளிர்பெட்டியில் மூடிவைத்தால் நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் மசாலா இன்னும் இறங்கியிருக்கும் என்பது என் அனுபவம். உறைநிலைப் பெட்டியில் வைக்காதீர்கள்; உருகும்போது கடற்பஞ்சுபோலாகித் தண்ணீரைக் கக்கும். இப்போது உங்களிடம் மீந்திருக்கும் அந்தக் கஞ்சியைக் கொட்டவும் வேண்டாம். கருஞ்சீரகத்தின் கசப்பு போகாது, ஆனால் பதத்தை மீட்டுவிடலாம். மறுபடி பாத்திரத்தில் ஊற்றி, மேலே விட்ட தண்ணீரோடு சேர்த்து நன்றாக அடித்துக் கலக்கி, இன்னும் அரைமணி நேரம் கொதிக்கவையுங்கள். கரண்டியின் நறநறப்பு எப்போது அடங்குகிறது என்பதை அந்தப் பாழாய்ப்போன தவணையிலேயே காது பழகிக்கொண்டால், கேரவே வாங்கி வந்து செய்யும் அடுத்த தவணையில் கடிகாரம் தேவைப்படாது.